விட்ஸின் பிக்கப்பும் பெடலில் பூட்டும் பெட்டியும்

நீங்கள் எழுதியதன் சாரம் இது: 2014 ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ், 1000 சிசி, சிவிடி கியர் (பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாகப் பெல்ட்டால் விகிதம் மாற்றும் ஓட்டோ கியர்), வெள்ளவத்தையில் ஓடுகிறது. காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் இருந்து வெளியே எடுத்து அமத்தினால் வாகனம் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் போகிறது. முன்பு வைத்திருந்த பழைய கொரோலாவில் இந்தக் குறை இருக்கவில்லை. அக்சிலேட்டர் பெடலில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டியை 35,000 ரூபாவுக்குப் பூட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பூட்டினால் பிக்கப் கூடுமா, எஞ்சினுக்குக் கேடா என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ கேள்வி அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது: அந்த ஒரு நொடி எங்கே போகிறது? அது தெரிந்தால் பெட்டி வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நான் மருதானையில் ஒரு கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டர் கழற்றிப் பூட்டப் பழகியவன். இருபது வருடத்துக்கு மேலாக வாகன மின்வேலைதான் தொழில். அதில் பாதிக்கு மேல் ஸ்கேனரும் மல்டிமீற்றரும் கையுமாகப் போனது. என்னிடம் வருவதில் பெரும்பங்கு ஜப்பான் பெற்றோல் கார்களும் ஹைபிரிட்டுகளும். ஐரோப்பிய டீசல் வாகனங்கள் எப்போதாவதுதான் வரும், ஆகவே கீழே எழுதுவதை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் உங்கள் கொரோலா. அதில் பெடலில் இருந்து எஞ்சின் வரை ஒரு கேபிள் ஓடியது. நீங்கள் அமத்த, கேபிள் இழுத்து, எஞ்சினுக்குக் காற்று போகும் வாசலான த்ரொட்டில் பொடிக்குள் இருக்கும் தட்டைத் திருப்பும், காற்று உள்ளே போகும். நடுவில் ஒருவரும் இல்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேபிள் சுற்றியிருக்கும் அந்தச் சில்லு எல்லாக் கார்களிலும் சரிவட்டமாக இருப்பதில்லை. அதன் வடிவத்தை மாற்றினால், பெடலின் முதல் கால்பங்கிலேயே தட்டு கூடுதலாகத் திறக்கும்படி செய்துவிடலாம். தொட்டதும் குதித்துப் போகிற காரைப் பார்த்து “என்ன பிக்கப்!” என்று நாங்கள் வாய் பிளந்ததில் ஒரு பங்கு அந்தச் சில்லை வெட்டியவனுக்குப் போக வேண்டும். பெடலை வைத்து ஓட்டுபவனைக் கொஞ்சம் ஏமாற்றுகிற வித்தை, மின்னணுக் காலத்துக்கு முந்தியது.

விட்ஸில் கேபிள் கிடையாது. 1980களின் கடைசியில் பீஎம்டபிள்யூ தன் 12 சிலிண்டர் 750 காரில் கேபிளை எடுத்துவிட்டு வயர் போட்டது. பிறகு படிப்படியாக எல்லாரும் அந்த வழிக்கு வந்தார்கள். இப்போது பெடலின் தலையில் ஒரு சென்சர் இருக்கிறது. அதற்குள் உண்மையில் இரண்டு. இரண்டும் பெடல் எங்கே நிற்கிறது என்பதை வெவ்வேறு வோல்ட்டில் எஞ்சினை ஆளும் கணினிக்குச் சொல்லும். டொயோட்டாவில், காலை எடுத்திருக்கும்போது ஒன்று ஏறக்குறைய 0.8 வோல்ட் காட்டினால் மற்றது 1.6 அளவில் நிற்கும். அமத்த அமத்த இரண்டும் சோடியாக ஏறும். கணினி இரண்டையும் விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சோடி குழம்பினால் பி2138 என்ற பிழைக்குறியைப் பதிந்து, எஞ்சின் லைட்டைப் போட்டு, வாகனத்தை ஊர வைத்துவிடும்.

இவ்வளவு சந்தேகப்பட வேண்டுமா என்றால், வேண்டும். அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுக்கின்றன என்று பெரிய முறைப்பாடு எழுந்தபோது நாசா பொறியியலாளர்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 2011 இல் அறிக்கை வந்தது. கட்டுக்கடங்காத வேகத்துக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்று அவர்கள் காணவில்லை. ஆனால் பழைய வகைப் பெடல் சென்சர் ஒன்றுக்குள் வெள்ளீயம் மயிர் போல வளர்ந்து, தொடக்கூடாத இரண்டு இடங்களைத் தொடுத்திருந்ததைப் பிடித்தார்கள். இந்தக் கதையை ஏன் இழுக்கிறேன் என்றால், உங்களுக்குப் பூட்டப்போகும் பெட்டி வந்து உட்காருவது சரியாக அந்த வயர்களின் நடுவில்.

இனி அந்த ஒரு நொடி. பெடல் அனுப்புவதைக் கணினி ஒரு விண்ணப்பமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கந்தோரில் கொடுத்த கடிதம் போல அது நாலு மேசைக்குப் போய்வர வேண்டும். இவர் கேட்கிற இழுவை எவ்வளவு, கியர் இப்போது எந்த நிலையில் நிற்கிறது, ஏசி ஓடுகிறதா, இவ்வளவு காற்றை ஒரேயடியாக விட்டால் வாகனம் குலுங்குமா, புகை என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுத்தான் தட்டைத் திருப்பும் மோட்டருக்குக் கட்டளை போகும். அந்த மோட்டர் மந்தமில்லை. மூடியிருக்கும் தட்டை முழுதாகத் திறக்க அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். தாமதம் வேண்டுமென்றே எழுதி வைத்தது. கால் நடுங்கினாலும் வாகனம் நடுங்கக் கூடாது, எஞ்சின் மவுண்ட் அடிபடக் கூடாது, எரிபொருள் கணக்கு நல்லதாக வர வேண்டும் என்று கம்பனிக்காரன் யோசித்து வைத்த தாமதம் அது.

அதற்குப் பிறகு சிவிடி. மெதுவாக ஓடும்போது எஞ்சின் சுற்றைக் குறைத்து வைத்துப் பெற்றோலை மிச்சம்பிடிப்பதுதான் அதன் வேலை. திடீரென்று அமத்தினால் அது பெல்ட்டை வேறு விகிதத்துக்கு நகர்த்த வேண்டும். எண்ணெய் அழுத்தம் ஏற வேண்டும். எஞ்சின் சத்தம் முதலில் எழும்பும், வாகனம் பிறகு வரும். ரப்பர் பட்டியைப் பிடித்து இழுத்தது போல என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள், அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது. மூன்று சிலிண்டர், 69 குதிரைவலு, உள்ளே நாலு பேர், ஏசி என்று கூட்டிப் பார்த்தால், உங்கள் ஒரு நொடியில் பெரிய பங்கு இங்கேதான் போகிறது என்பது என் கணிப்பு.

அந்தப் பெட்டி செய்வது ஒரேயொரு வேலை. பெடல் சென்சரின் பிளக்கைக் கழற்றி, பெட்டியின் வயரை இடையில் செருகுகிறார்கள். சென்சர் சொல்வதை அது வாசித்து, கூட்டிச் சொல்கிறது. உங்கள் பெடல் 0.8 இல் இருந்து 3.6 வோல்ட் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். கால்பங்கு அமத்தும்போது உண்மையில் வருவது 1.5 வோல்ட். பெட்டி அதை 2.2 ஆக்கிக் கணினிக்குக் கொடுக்கும். மற்ற சென்சரின் 2.3 ஐயும் 3.0 ஆக்கும், சோடி குழம்பாமல் இருப்பதற்காக. “ஆள் பாதிப் பெடல் அமத்திவிட்டார்” என்று கணினி நம்பிவிடும். முழுதாக அமத்தினால்? 3.6 வோல்ட், 3.6 வோல்ட்தான். அதற்கு மேல் சொல்ல இடமில்லை. எஞ்சினுக்குள் போகக்கூடிய அதிகபட்சக் காற்று அதேதான், குதிரைவலுவும் அதேதான். கணினி எழுதி வைத்த தாமதமும் அப்படியே இருக்கும், ஏனென்றால் பெட்டி நிற்பது கந்தோருக்கு வெளியே. கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம், உள்ளே மேசைகளைக் குறைக்க முடியாது.

இதில் இருந்து ஒரு செலவில்லாத பரிசோதனை கிடைக்கிறது. பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்குள் ஏறும் இடத்தில், பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, உருண்டு போய்க்கொண்டிருக்கும்போது பெடலைத் தரைமட்டும் அமத்துங்கள். வேக எல்லைக்குள் நின்றாலே போதும், முதல் இரண்டு நொடியில் நடப்பதுதான் தேவை. பயந்து பயந்து முக்கால் பெடல் அமத்தினால் பரிசோதனை பிழைக்கும். பிறகு ஏசியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை. வழக்கமாக அமத்தும் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தரைமட்டும் அமத்தியபோது அந்த ஒரு நொடி காணாமல் போய்விட்டதா? அப்படியானால் உங்கள் வாகனத்தில் குறை இல்லை, கம்பனி பெடலை மென்மையாக வைத்திருக்கிறது, கொரோலாவுக்குப் பழகிய கால் அந்த அளவிலேயே நிற்கிறது. பெட்டி உங்களுக்கு வேலை செய்யும், நிச்சயமாக வித்தியாசம் தெரியும். ஆனால் இன்னும் கொஞ்சம் கூட அமத்தினால் இலவசமாகக் கிடைப்பதற்குத்தான் 35,000 கொடுக்கிறீர்கள். தரைமட்டும் அமத்தியும் அதே தாமதம் இருக்கிறதா? அப்படியென்றால் பெட்டியால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் பெட்டி செய்யக்கூடிய அதிகபட்சத்தை உங்கள் கால் இப்போதுதான் செய்துவிட்டது. தாமதத்தோடு திக்கல், இழுத்து விடுதல், நிற்கும்போது எஞ்சின் துடித்தல் இருந்தால் அது வருத்தம், அதற்கு மருந்து வேறு.

கம்பனிகளே இந்தப் பெட்டியைப் பட்டனாக்கி விற்கின்றன. 2009 இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் ஈகோ, பவர் என்று தனித்தனி பட்டன்கள் இருக்கும். பவர் பட்டனை அமத்தினால் ஒரு குதிரைவலுவும் கூடாது, பெடலுக்கான கணக்குத்தான் மாறும். ஹொண்டா வெசலில் இருக்கும் ஈகொன் பட்டனும் இந்தக் குடும்பம்தான், அது பெடலை இன்னும் மந்தமாக்கும். “வெசல் இழுக்குதே இல்லை” என்று வந்த ஒருவருக்கு அந்தப் பச்சை லைட்டை அணைத்துவிட்டு வாகனத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்கவில்லை, வெட்கமாக இருந்தது. உங்கள் விட்ஸில் அப்படிப் பட்டன் இருக்கிறதா என்று ஒரு தடவை டாஷ்போர்டைத் தடவிப் பாருங்கள்.

வருத்தம் என்று தெரிந்தால் எங்கே தொடங்குவது? 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் எல்லாரும் இருந்ததையே ஓட்டினோம். அதனால் இப்போது கராஜுக்கு வருகிற விட்ஸ், அக்வா, வேகன் ஆர் பலவும் பத்து வருடத்தைத் தொட்ட உடம்புகள். த்ரொட்டில் பொடியின் தட்டு ஓரத்தில் கரி வளையம் கட்டியிருக்கும். சிறிதளவு திறக்கும்போது போக வேண்டிய காற்றை அது மறிக்கும். துடைத்துவிட்டு, கணினிக்குப் புதிய நிலையைப் பழக்க வேண்டும். பழக்காமல் விட்டால் நிற்கும்போது சுற்று ஏறி இறங்கும், பிறகு துடைத்தவனைத் திட்டுவீர்கள். எயார் ஃபில்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். சில்லு ஒவ்வொன்றையும் சுழற்றி பிரேக் இறுகி நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கொழும்பு உப்புக் காற்றில், பிரேக் கட்டையை அமத்தும் கலிப்பர் இறுகுவது சாதாரணம்.

நான் முதலில் கேட்பது சிவிடி எண்ணெயைத்தான். எத்தனை கிலோமீற்றருக்கு முன் மாற்றியது, என்ன ஊற்றியது? “கியர் எண்ணெய்தானே” என்று சாதாரண ஓட்டோ கியர் எண்ணெயை ஊற்றியவற்றைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிற தாமதம் எந்தப் பெட்டிக்கும் அடங்காது. மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் வகையைத் தவிர வேறெதையும் உள்ளே விட வேண்டாம். பெற்றோல் பற்றியும் யாராவது சொல்வார்கள், 95 ஒக்டேன் அடித்தால் பிக்கப் வரும் என்று. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கு விதித்த குறைந்தபட்ச அளவே 89 ஒக்டேன். உங்கள் விட்ஸ் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளை. 92 தாராளம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வதில் கொஞ்சம் இழுபறி உண்டு. பெற்றோல் கூடக் குடிக்குமா? பெட்டி தானாக ஒரு துளியும் ஊற்றாது. ஆனால் கால் பழக்கம் மாறாமல் பெடல் மட்டும் கூர்மையானால் குடிக்கும். ஒரு மாதத்தில் கால் தானாக இளகிவிடும் ஆட்களுக்குப் பெரிதாக மாறாது. என்னிடம் வந்தவர்களில் இரண்டு வகையும் இருக்கிறார்கள். சில கார்களில் பெடல் வேகமாக ஏறுவதைப் பார்த்துக் கியரும் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒரே பெட்டி ஒருவருக்கு அற்புதம், இன்னொருவருக்கு வெறும் சத்தம். எஞ்சினுக்குக் கேடா என்ற உங்கள் கேள்விக்கு, நேரடியாக இல்லை. கணினி தன் எல்லைகளைத் தானே காவல் காக்கும். சிவிடி பெல்ட்டுக்கு அடிக்கடி திடீர் இழுவை நல்லதில்லை, ஆனால் அதைப் பெட்டி இல்லாமலும் கால் செய்யும். பற்றறி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்தால் பிக்கப் வரும் என்பார்கள். பழகி வைத்த கணக்கு அழிவதால் ஓரிரு நாள் வேறு மாதிரித் தோன்றலாம். கரி அங்கேயே இருந்தால் கணினி பழைய கணக்குக்கே திரும்பி வரும்.

எனக்கு உண்மையில் பயம் எஞ்சினைப் பற்றியில்லை, பிளக்கைப் பற்றி. நாலு வருடத்துக்கு முன் ஒரு டொயோட்டா எக்ஸியோ வந்தது. எஞ்சின் லைட், பி2138, களனிப் பாலத்தில் வைத்து ஊரத் தொடங்கியதாம். எங்கோ வாங்கிப் பூட்டிய பெட்டி உள்ளே இருந்தது. அதைக் கழற்றிப் பழையபடி பிளக்கைப் போட்டேன், இரண்டு நாளில் மறுபடி அதே பிழை. சென்சர் நல்லது, வயர் நல்லது. கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளக்குக்குள் பார்த்தால், பெட்டியின் ஊசிகள் கம்பனி ஊசிகளைவிட ஒரு மயிரளவு தடிப்பு. அவை போய்வந்த துளைகள் விரிந்து, அசல் ஊசியை இப்போது பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாக இறுக்கி எடுக்க அரை நாள். இரண்டு சென்சரும் ஒத்துப் பேச வேண்டிய இடத்தில் ஒன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பாலம் சாட்சி. வாகனம் பறந்து போகாது. கணினி பாதுகாப்புப் பக்கமாகத்தான் விழும். ஆனால் முந்துவதற்காகப் பூட்டிய சாமான், முந்தும்போதே இழுவையை எடுத்துவிட்டால் அதுவும் சின்ன ஆபத்தில்லை.

நானும் ஒன்று பூட்டிப் பார்த்தேன், ஒளிக்கவில்லை. பெயர் பெற்ற ஜப்பான் பெட்டி, என் சொந்தக் காரில், மூன்று கிழமை. முதல் நாள் சிரிப்புத் தாங்கவில்லை, இருபது வயது குறைந்தது போல இருந்தது. பிறகு மனைவியோடு அவர் அக்கா இருக்கும் தொடர்மாடிக்குப் போனோம். நிலத்தடிப் பார்க்கிங் சரிவில், தூண்களுக்கு நடுவில், அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டிய இடத்தில் கார் முயல் மாதிரித் துள்ளியது. “என்னப்பா, 138 பஸ் ஓடுறீங்களா?” என்றார் மனைவி. காலி வீதியில் மாலை ஆறு மணி நெரிசலிலும் அதே கதை: விட்டு விட்டுப் பிடிக்கிற ஓட்டத்தில் பின்சீற்றில் இருந்த மகளுக்குத் தலைசுற்று. அமைப்பை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பெட்டி இல்லாதபோது எப்படி இருந்ததோ அந்த அளவில் வந்து நின்றேன். அடுத்த நாள் கழற்றினேன். உங்கள் ஓட்டம் வெள்ளவத்தை ஒழுங்கைகளும் காலி வீதியும்தான் என்றால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும் என்று நினைக்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை அதிவேகப் பாதையில் மாத்தறை போகிற ஆளென்றால் வேறு கதை.

ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி பிளக்கில் குத்தும் ‘சிப்’ ஒன்றையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மினுங்குகிற மூன்று எல்ஈடி இருந்தது, காரோடு பேசுகிற வயர் ஒன்றும் உள்ளே இணைத்திருக்கவில்லை.

எல்லாம் கேட்டும் பெட்டி வேண்டும் என்றால் தடுக்க மாட்டேன், அது களவுச் சாமான் இல்லை, சொன்ன வேலையைச் செய்கிறது. உங்கள் மொடலுக்கென்றே வந்த வயர் வேண்டும். “இதுவும் பொருந்தும்” என்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் யாராவது ஊசியை நெளித்துப் போட்டால் எழுந்து வாருங்கள். பூட்டும் முன் ஸ்கேனரில் இரண்டு பெடல் சென்சரின் அளவையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள், பூட்டிய பின் காலை எடுத்திருக்கும்போதும் தரைமட்டும் அமத்தும்போதும் அதே அளவு வருகிறதா என்று பாருங்கள். நடுவில் மட்டும்தான் மாற வேண்டும். புதுக் கார், கம்பனி உத்தரவாதம் இன்னும் இருக்கிறது என்றால் முதலில் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தப் பெட்டியை டபுள் டேப்பில் ஒட்டிவிட்டுப் போக விடாதீர்கள். மத்தியான வெயிலில் நிறுத்தி வைத்த கொழும்புக் காருக்குள் எந்த டேப்பும் பிடிக்காது. அது கழன்று விழுகிற இடம் பிரேக் பெடலின் அடி. பெட்டியையும் வயரையும் ஸ்டியரிங் கம்பத்துக்கு மேல் பக்கமாக எடுத்து, இரண்டு இடத்தில் கேபிள் டையால் கட்டச் சொல்லுங்கள், கட்டியதை நீங்களே குனிந்து பிடித்து இழுத்துப் பாருங்கள்.